பதினொன்றே கால் அங்குலம்

மதிவதனிக்கு ஒரு கும்பிடு திரும்பி வர வேண்டியிருந்தது. மூன்று மாதமாக அதை வாங்கத்தான் அவள் தினமும் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். சம்பளமெல்லாம் அதற்கப்புறம்தான்.

கும்பிட்டது அவள் புருஷன் கொளஞ்சியப்பன். வாங்கிக்கொண்டவர் பழமலைநாதன். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை யூனிட் வைத்திருப்பவர், இரண்டு பேருக்கும் முதலாளி. கொளஞ்சியப்பன் அங்கே இருபது வருஷமாக மாஸ்டர் செதுக்கினான். மாஸ்டர் என்றால் பிளாஸ்டரில் செய்கிற முதல் உருவம். அதிலிருந்து அச்சு எடுத்து, அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றிப் பிள்ளையாரோ யானையோ வார்ப்பார்கள். அச்சிலிருந்து வந்ததைக் கத்தியால் பிசிறு சீவி, ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்புவது மதிவதனியின் வேலை. அவள் கை பட்ட பிள்ளையாருக்குத் தும்பிக்கையில் ஒரு கோடுகூட இருக்காது. மனசில் மட்டும் இந்த மூன்று மாதமாக ஒரு பிசிறு சீவ முடியாமல் கிடந்தது.

ஊரில் ஆம்பளைகளுக்கு ஆயிரம் ஆசை. சிலருக்குச் சீட்டு, சிலருக்கு பிளாட்டு. கொளஞ்சியப்பனுக்கு வாய்த்தது துப்பாக்கி. கரப்பான்பூச்சியைக்கூடப் பேப்பரில் தள்ளி வெளியே கொண்டுபோய் விடுகிற மனுஷன். முதல் உலகப் போரில் வெள்ளைக்கார ராணுவம் இடுப்பில் கட்டிக்கொண்டு போன வெப்ளி ரிவால்வரின் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, அதன் பிடியின் வளைவில் மயங்கிப்போனான். அது சுட வேண்டியதில்லை, திறக்க வேண்டியதுகூட இல்லை. மண்ணில் செய்ததைப் பார்க்கிறவன் இரும்பென்று நம்ப வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மாஸ்டர் செதுக்கினான். நுனியிலிருந்து பிடிவரை பதினொன்றே கால் அங்குலம் என்று படத்தில் போட்டிருந்தது. பதினொன்றே காலுக்கே செதுக்கினான்.

அங்கேதான் கோட்டை விட்டான். களிமண் காயும்போதும் சுருங்கும், சூளையில் வேகும்போதும் சுருங்கும். எட்டில் ஒரு பங்கு போயே போய்விடும். அதனால் மாஸ்டரை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்வார்கள். யூனிட்டில் கூட்டுகிற ஆளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். இருபது வருஷம் அதையே செய்தவன் துப்பாக்கி மோகத்தில் மறந்துவிட்டான். சூளையிலிருந்து வெளியே வந்தது பத்து அங்குலம்கூட இல்லை.

“என்னாங்க, குட்டி போட்டுடுச்சா?” என்று கேட்டாள் மதிவதனி. அவனும் அரை நாள் சிரித்தான். அப்புறம் புதிதாக இன்னொரு மாஸ்டர் செதுக்கினான், பதின்மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக. அதிலிருந்து வார்த்துச் சுட்டது நூல் பிசகாமல் பதினொன்றே காலுக்கு வந்து நின்றது. பரணில் ஏறிய இரண்டு மாஸ்டர்களுக்கும் பேர் வைத்தார்கள். தப்பாகச் செய்தது சின்னவன், சரியாகச் செய்தது பெரியவன். பிள்ளை இல்லாத வீட்டில் அதுவும் ஒரு விளையாட்டு.

சுட்டுக் கருப்பு அடித்த துப்பாக்கியை ஒருநாள் யூனிட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டினான். பழமலைநாதன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னா துப்பாக்கி?”

“வெப்ளிங்க.”

“வெம்பிளியா?”

“வெப்ளிங்க மொதலாளி.”

“அதான் சொல்றேன், வெம்பிளி.”

அவருக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. ஊரில் முன்னாள் ராணுவத்தார் சங்கம் ஒரு நினைவு அறை கட்டிக்கொண்டிருந்தது. இதே ஜில்லாவில் இருக்கிற மங்களூரிலிருந்து முதல் உலகப் போருக்குப் போன ஒரு சுபேதாரின் துப்பாக்கித் தோல் உறை அவர் குடும்பத்தில் இருந்தது. துப்பாக்கி அப்போதே சர்க்காருக்குப் போய்விட்டது, உறை மட்டும் சாமி படத்துக்குக் கீழே மிஞ்சியது. அந்த உறைக்குள் வைக்க அதே மாதிரி ஒரு துப்பாக்கி செய்து தர ஆள் தேடினார்கள். தன் பேரில் செய்து தந்து மேடையில் சால்வை போட்டுக்கொள்ள வேண்டும் என்பது பழமலைநாதனின் ஆசை.

“இது ஆசைக்கு செஞ்சதுங்க. புள்ளையாரு எத்தன வேணும்னாலும் செஞ்சு தரேன், இத மட்டும் வுட்டுடுங்க” என்றான் கொளஞ்சியப்பன். முதலாளி சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். தன் கூலியாள் தன்னிடம் மாட்டேன் என்று சொன்னதை அந்த ஆள் பத்து நாள் வாயில் போட்டு மென்றிருக்க வேண்டும்.

பத்தாம் நாள் காலையில் போலீஸ் ஜீப் தெருவுக்குள் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வியே, “வெம்பிளி துப்பாக்கிய எங்கடா வச்சிருக்க?” என்பதுதான்.

பல் துலக்கிக்கொண்டிருந்தவனைப் பனியனும் லுங்கியுமாக, துப்பாக்கியோடு சேர்த்து, ஜீப்பின் பின்சீட்டில் ஏற்றினார்கள். தெரு முழுக்க வெளியே வந்து பார்த்தது. ஸ்டேஷன் படியில் ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாக உடைந்து உள்ளே வெள்ளையாகப் பீங்கான் தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த பிறகும் சாயங்காலம்வரை அவனைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள்.

நாலு மணிக்குப் பழமலைநாதன் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். “நம்ம பையன்தான் சார், வெவரம் பத்தாது” என்று இரண்டு வார்த்தை சொன்னார், விட்டுவிட்டார்கள். வெளியே வந்த கொளஞ்சியப்பன் டீக்கடை ஜனம் பார்க்க இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி அவரைக் கும்பிட்டான். கொளஞ்சியப்பர் கோயிலில்கூட அவன் கை நெஞ்சுக்கு மேலே போய் மதிவதனி பார்த்ததில்லை.

“இந்த மாதிரி சாமான வூட்ல வச்சிருந்தா வம்புதான் கொளஞ்சி. அந்த மாஸ்டர யூனிட்ல குடுத்துடு, நான் பாத்துக்கறேன்.”

“சரிங்க மொதலாளி. நீங்க சொன்னா சரிங்க.”

மதிவதனி பக்கத்தில் நின்றாள். அவள் காதில் காலையிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. வெம்பிளி. இந்த உலகத்தில் அந்தத் துப்பாக்கியை அப்படிச் சொல்கிற ஆள் ஒருத்தர்தான். போன் போட்டுப் பிடித்துக் கொடுத்தவரும் அவர், வந்து மீட்டவரும் அவர், கும்பிடு வாங்கியவரும் அவர். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே எண்ணிக்கொண்டு நடந்தாள்.

கொளஞ்சியப்பன் அதோடு யூனிட்டுக்குப் போகவில்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவான். கதவைச் சாத்திக்கொண்டு, டிவியில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். மதிவதனி வெம்பிளி விஷயத்தை இரண்டு தடவை எடுத்துச் சொன்னாள். அவன் நம்பவில்லை.

“போலீஸ்காரருக்கு வாயில அப்படி வந்துருக்கும். மொதலாளி இல்லன்னா நான் இன்னும் உள்ளதான் இருந்திருப்பேன் மதி. அவர சொல்லாத.”

ஜீப்பையாவது ஒருநாள் மறந்துவிடலாம், இதை எப்படி மறப்பது? அன்றைக்கு அவள் முடிவு பண்ணினாள். ஊர் பார்க்கக் கொடுத்த கும்பிட்டை ஊர் பார்க்கத் திருப்பி வாங்க வேண்டும். அந்த ஆள் கை தன் புருஷன் முன்னால் குவிய வேண்டும்.

மறுவாரம் முதலாளி கேட்டார். “என்னா மதி, அந்த மாஸ்டரு எங்க?”

“பரண்ல இருக்குதுங்க. நாளைக்கி கொண்டாறேன்.”

மறுநாள் துணிப்பையில் சுற்றி எடுத்துப் போனாள். எடுத்துப் போனது சின்னவனை.

முதலாளி மேசையில் வைத்து டேப்பால் அளந்தார். “பதினொன்னே கால். அந்த சங்கத்துக்காரரு எழுதிக் குடுத்த அளவு அப்படியே இருக்குது பாரு. பயபுள்ள கெட்டிக்காரன்தான்.” பழமலைநாதனின் அப்பா சூளைக்கு முன்னால் வியர்வை வடிய நின்று சம்பாதித்த யூனிட் அது. மகனுக்குக் களிமண் கையில் ஒட்டினால் அருவருப்பு. ஆபீஸ் கண்ணாடிக்கு உள்ளே இருந்தபடிதான் தொழில். செய்யவேண்டிய சாமானின் அளவே மாஸ்டரிலும் இருந்தால் மாஸ்டர் தப்பு என்பது அவர் தலையில் உதிக்கவே இல்லை.

அச்சு எடுக்கிற வேலை தமிழ்ச்செல்வனுடையது. கொளஞ்சியப்பனிடம் தொழில் பழகியவன். மாஸ்டரைக் கையில் வாங்கியதுமே கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து ஒரு சாண் வைத்துப் பார்த்தான். நிமிர்ந்து மதிவதனியைப் பார்த்தான்.

“இதா அண்ணி?”

“இதுதான்.”

அவன் மனசாட்சிக்காக முதலாளியிடம் ஒரு வார்த்தை போட்டான். “சார், சூளைக்கு முன்னாடி அளவ ஒரு தடவ...”

“அளவெல்லாம் நான் பாத்துட்டேன். சொன்னத செய்யி. யோசிக்கிறதுக்குத்தான் நான் இருக்கேன்” என்றார் பழமலைநாதன். தினம் நாலு பேரிடம் அவர் சொல்கிற வாசகம்தான் அது. தமிழ்ச்செல்வன் சொன்னதைச் செய்தான். ஃபினிஷிங்கில் அவள் பக்கத்தில் உட்காரும் ஆதிலட்சுமிக்குத் தெரிந்தது, சூளைக்காரருக்குத் தெரிந்தது, பெயின்ட் அடிக்கிறவர்களுக்குத் தெரிந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அந்த யூனிட்டில் யோசிக்கிற வேலை ஒருத்தருக்குத்தானே கொடுக்கப்பட்டிருந்தது.

சுட்டுக் கருப்பு அடித்து வந்ததைப் பார்த்து முதலாளி லேசாகப் புருவம் சுருக்கினார். “கொஞ்சம் சின்னதா தெரியுதே?”

“கருப்பு அடிச்சா சின்னதாத்தான் தெரியுங்க” என்றான் தமிழ்ச்செல்வன். அவர் தலையாட்டினார். வெல்வெட் பெட்டிக்கு ஆர்டர் போனது. உறையை முன்னாடியே வாங்கிப் பொருத்திப் பார்க்கவும் வழியில்லை. சாமி படத்தடியில் இருப்பதை விழா அன்றைக்குத்தான் எடுப்போம் என்று மங்களூர்க் குடும்பம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குப் பெரியவன் வேண்டும், பெரியவனை வார்க்கக் கொளஞ்சியப்பனின் கை வேண்டும். அவனோ ஜீப் வந்த நாளிலிருந்து களிமண்ணைத் தொடவில்லை. மதிவதனி அவனைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னால் உட்கார்ந்து, பெரியவனிலிருந்து எடுத்த பழைய அச்சைக் கட்டி, யூனிட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த கரைசலை ஊற்றித் தானே வார்த்தாள். பிடி சரியாக வந்தது. விசையைச் சுற்றி வரும் வளையத்தை மட்டும் வேண்டுமென்றே கோணலாக ஒட்டினாள். ஒட்டிவிட்டு, ஜன்னலுக்கு நேராகப் பலகையில் வைத்தாள்.

டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். மூன்றாவது தடவை எழுந்து வந்தான்.

“என்னா பண்ணி வச்சிருக்க?”

“எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான். நம்ம வூட்ல ஒன்னு இருக்கட்டும்னு செய்யறேன்.”

“இது துப்பாக்கியா, தோசக் கரண்டியா? தள்ளு.”

அவன் உட்கார்ந்தான். வளையத்தைப் பிய்த்துப் போட்டு, புதிதாக உருட்டி ஒட்டி, ஈரத் தூரிகையால் தடவினான். மத்தியானச் சோறு ஆறிப்போனது. மதிவதனி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் அவள் பழமலைநாதனை மறக்கவில்லை. காய்ந்ததைத் தமிழ்ச்செல்வன் வாங்கிப் போய், ஒரு பெரிய பிள்ளையாரின் முதுகுக்குப் பின்னால் வைத்துச் சுட்டுக் கொடுத்தான்.

விழா ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. பாலக்கரைப் பக்கம் சங்கக் கட்டடத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வடிவமைப்பு பழமலைநாதன் என்று நோட்டீசில் கொட்டை எழுத்தில் இருந்தது. யூனிட் ஆட்கள் எல்லோரும் வந்து கை தட்ட வேண்டும் என்று முதலாளியே வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அந்த சப் இன்ஸ்பெக்டர் முன் வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். மதிவதனி மூன்றாவது வரிசையில் மடியில் பையோடு உட்கார்ந்தாள்.

பழமலைநாதன் மைக்கைப் பிடித்தார். “இந்த வெம்பிளி துப்பாக்கிய நானே ராப்பகலா உக்காந்து ஆராய்ச்சி பண்ணி உருவாக்குனேன்” என்று தொடங்கினார். சப் இன்ஸ்பெக்டர் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

சங்கத் தலைவர் மாணிக்கவேல், ஓய்வு பெற்ற சுபேதார், எண்பதை நெருங்கியும் கம்பி போல நிற்பவர். மங்களூர்க் குடும்பம் கொண்டுவந்த தோல் உறையை இரண்டு கையாலும் வாங்கி, வெல்வெட் பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை உறைக்குள் விட்டார். அது சறுக்கிக்கொண்டு அடிக்குப் போய் டொக்கென்று இடித்தது. பிடி பாதி உறைக்குள் முழுகிவிட்டது. அவர் உறையை லேசாக ஆட்டினார். உள்ளே கடகடவென்றது. முன் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

“இது எந்த அளவுக்கு செஞ்சீங்க?” என்று மாணிக்கவேல் கேட்டார்.

“பதினொன்னே கால்தாங்க. நானே அளந்தேன்.”

மாணிக்கவேல் ஸ்கேல் வரவழைத்து மேடையிலேயே அளந்தார். “பத்துகூட இல்ல. போருக்குப் போன சுபேதாரு இடுப்புல பொம்மத் துப்பாக்கியா கட்டிக்கினு போனாரு?”

உறை கொண்டுவந்த கிழவி சொர்ணாம்பாள் முகம் சுண்டிப்போயிற்று. பழமலைநாதனுக்கு வியர்த்தது. தப்பிக்க ஒரே வழி தெரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டார். “அது வந்துங்க, மாஸ்டரு செஞ்சது நான் இல்ல. எங்கிட்ட இருந்த கொளஞ்சியப்பன்னு ஒரு ஆளு. அவன்தான் அளவத் தப்பா செஞ்சுட்டான்.”

“இப்பதான் நீங்க ராப்பகலா செஞ்சதா சொன்னீங்க” என்றார் மாணிக்கவேல்.

மதிவதனி எழுந்தாள். “ஐயா, அந்தக் கொளஞ்சியப்பன் என் வூட்டுக்காரருங்க. அவரு சரியா செஞ்சது இது. போட்டுப் பாருங்க.”

பெரியவனின் பிள்ளையை மேடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாணிக்கவேல் அதை உறைக்குள் விட்டார். அது நிதானமாக இறங்கி, பிடி வெளியே நிற்க, அசையாமல் உட்கார்ந்தது. உறையின் மேல்வாரை இழுத்துக் குமிழில் மாட்டினார், சரியாக மாட்டியது. சொர்ணாம்பாள் உறையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யூனிட் ஆட்கள் கை தட்டினார்கள். அதற்காகத்தானே முதலாளி வேன் வைத்து அழைத்து வந்திருந்தார்.

மதிவதனி கையை நீட்டினாள். “குடுங்கய்யா. செஞ்சவருகிட்ட கேக்காம நான் குடுத்துட முடியாது. அவரு வூட்ல இருக்காரு. மூணு மாசத்துக்கு முன்னாடி இது ஒன்னு செஞ்சதுக்காக அவர ஜீப்புல ஏத்திக்கினு போனாங்க. அதுலேந்து வெளிய வர்றதில்ல. மொதலாளி வந்து கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கட்டும், அவரு குடுப்பாரு.”

பழமலைநாதன் பல்லைக் கடித்தார். “மதி, நாளைக்கு வேலைக்கு வரணும் நீ, ஞாபகம் இருக்குதா?”

“நான் யோசிக்கிறதில்லீங்க மொதலாளி. அது உங்க வேல.”

பின்னால் தமிழ்ச்செல்வன் இருமினான். மாணிக்கவேல் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, பழமலைநாதன் பக்கம் திரும்பி, “வாங்க போவலாம். பத்து நிமிஷ வேல” என்றார். அது யோசனை சொல்கிற குரலாக இல்லை. சப் இன்ஸ்பெக்டர் எழுந்தார். “எனக்கு வழி தெரியும், நம்ம ஜீப்லயே போயிடலாம்” என்றார். முதலாளியை அவர் பார்த்த பார்வை அவ்வளவு நன்றாக இல்லை.

ஜீப் தெருவுக்குள் நுழைந்ததும் அன்றைக்கு வந்த அதே ஜனம் வெளியே வந்தது. கொளஞ்சியப்பன் உட்கார்ந்திருந்த அதே பின்சீட்டில் பழமலைநாதன் குனிந்து உட்கார்ந்திருந்தார். மதிவதனி தெருக்கோடிவரை எல்லார் முகத்தையும் பார்த்தாள். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று இருந்தது.

சாத்தியிருந்த கதவை அவளே தள்ளித் திறந்தாள். கொளஞ்சியப்பன் எழுந்து சுவரோரம் ஒட்டி நின்றான். போலீசைப் பார்த்து அவன் முகம் வெளுத்தது. “ஒன்னுமில்லங்க. மொதலாளி உங்ககிட்ட ஒன்னு கேக்க வந்துருக்காரு” என்றாள்.

பழமலைநாதன் வாசலில் நின்றார். முன்னால் மாணிக்கவேல், பின்னால் தெரு. கையைக் குவித்தார், நெஞ்சுவரை.

கொளஞ்சியப்பன் பதறிவிட்டான். “ஐயோ, என்னாங்க மொதலாளி” என்று அவன் கைகள் தானாக மேலே எழும்பின. அவை ஒன்றுசேர்வதற்கு முன்னால் மதிவதனி துப்பாக்கியை அவற்றுக்கு நடுவே வைத்துவிட்டாள். இருபது வருஷமாகப் பீங்கானைக் கீழே விடாத கை. இரண்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

“கொளஞ்சி, தப்பா எடுத்துக்காத” என்றார் பழமலைநாதன். “அந்த வெம்பிளிய அவங்களுக்கு குடுத்துடுப்பா.”

கொளஞ்சியப்பன் அசையவில்லை. முதலாளியைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் நின்ற சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். அப்புறம் மதிவதனியைப் பார்த்தான். அவள் மூன்று மாதமாகச் சொன்னது அவன் முகத்தில் இப்போதுதான் போய்ச் சேர்ந்தது.

“அன்னைக்கி இந்த வாசல்ல வந்து கேட்டவங்களும் இப்படித்தாங்க சொன்னாங்க” என்றான். “வெம்பிளின்னு.”

கொளஞ்சியப்பன் இரண்டடி நடந்து துப்பாக்கியை மாணிக்கவேலிடம் கொடுத்தான். “இது பேரு வெப்ளிங்க ஐயா. சரியா எழுதி வைங்க.” திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றான்.

பழமலைநாதன் இன்னும் கையைக் குவித்தபடி நின்றார். எதிரே இருப்பவர் பதிலுக்குக் கும்பிட்டால்தான் அதை இறக்க முடியும். கொளஞ்சியப்பனின் கை இரண்டும் இப்போது சும்மாதான் இருந்தன. அவன் அவற்றைத் தொங்கவிட்டுக்கொண்டு, தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அப்படியே நின்றான்.